தங்கையின் இரண்டு ஆண்டுகளில் உங்கள் தேர்வுக் கட்டணம்

வணக்கம் அம்மா. எனக்கு வயது 26. தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம். பி.இ. மெக்கானிக்கல் முடித்து ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஐ.டி. துறைக்கு மாறுவதற்காக அதை விட்டுவிட்டு, ஒன்றரை ஆண்டாகப் பெங்களூரு மடிவாளாவில் ஒரு பி.ஜி. விடுதியில் தங்கியிருக்கிறேன். அமேசானின் கிளவுட் (இணையவழி வாடகைக் கணினி) சேவையான ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் கிளவுட் பிராக்டிஷனர், சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் (812 மதிப்பெண்), மென்பொருள் டெஸ்டிங்கில் ஐ.எஸ்.டி.க்யூ.பி., மென்பொருள் குழுவின் வேலையை ஒருங்கிணைக்கும் ஸ்க்ரம் மாஸ்டர் என நான்கு சான்றிதழ்கள் வாங்கியிருக்கிறேன். கட்டணத்துக்கு என் அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கொடுத்தார். தங்கை பி.எஸ்சி. கணிதம் முடித்தவள். பி.எட். இந்த ஆண்டு வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலைக்குப் போகிறாள். அதனால் வீட்டில் பெரிய நெருக்கடி இல்லை. இடையில் எலெக்ட்ரானிக் சிட்டியில் இரவு நேர சர்வீஸ் டெஸ்க் வேலை ஒன்று மாதம் 19,000 ரூபாய்க்கு வந்தது. என் சான்றிதழ்களுக்குப் பொருந்தாததால் சேரவில்லை. அடுத்து நெட்வொர்க்கிங்கில் சி.சி.என்.ஏ. எழுதுவதா, கிளவுட் மென்பொருள்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் சான்றிதழுக்குப் படிப்பதா? எது வேலை வாங்கித் தரும்?

– பெயர் வேண்டாம், மடிவாளா, பெங்களூரு.

தம்பி, இரண்டும் வேண்டாம். சி.சி.என்.ஏ. தேர்வுக்கு 300 டாலர், அதன்மேல் வரி. குபெர்னெட்டிஸ் நிர்வாகித் தேர்வு அதையும்விட அதிகம். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் முடிந்தது. இனி நீங்கள் கேட்காததற்கு வருகிறேன்.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. மாரத்தஹள்ளி, பி.டி.எம். லேஅவுட், வைட்ஃபீல்ட் என்று முகவரி மாறும், கேள்வி மாறாது. மனம் தளர வேண்டாம் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நீங்கள் தளர்ந்ததாகவே எனக்குத் தெரியவில்லையே! உங்கள் வீட்டில் தளர்ந்துபோக நியாயமுள்ளவள் ஒருத்திதான் இருக்கிறாள். அவளுக்குக் கடிதத்தில் இரண்டு வரி கொடுத்திருக்கிறீர்கள்.

பி.எட். வேண்டாம் என்று அவளே சொன்னாளாம். எப்போது சொன்னாள்? நீங்கள் மூன்றாவது தேர்வுக்குப் பணம் கேட்டதற்கு முன்பா, பின்பா? அம்மா குழுக்கடன் தவணையைப் பற்றிப் பேச்செடுத்த இரவிலா? கணிதம் படித்த ஒரு பெண்ணுக்கு, நாள் முழுவதும் சேலை விரித்துக் காட்டுவதில்தான் விருப்பம் என்று நீங்கள் உண்மையிலேயே நம்பினீர்களா? நம் வீடுகளில் பெண் பிள்ளைகள் இப்படித்தான் ‘தாங்களே’ சொல்வார்கள். சொல்லாவிட்டால் பெரியவர்கள் சொல்ல வேண்டிவரும், அது அவர்களுக்குச் சங்கடம். அந்தச் சங்கடத்திலிருந்து வீட்டைக் காப்பாற்றுவதையும் அவள் தலையிலேயே ஏற்றிவிடுகிறோம். பிறகு அதை அவளுடைய முடிவு என்று எழுதி, வீட்டில் நெருக்கடி இல்லை என்றும் முடித்துவிடுகிறோம்.

ஜவுளிக்கடை வேலை என்றால் என்னவென்று தெரியுமா? நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சொல்வதற்கே தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. அதற்கு முன்பு அந்தக் கடைகள் எப்படி இருந்தன என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் சான்றிதழ் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். ஸ்க்ரம் மாஸ்டருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அவள் படிக்காமல் விட்ட பி.எட்.டுக்குக் காலாவதியே கிடையாது; ஒருமுறை வாங்கினால் சாகும்வரை அவளுடையது. முன்பு ஓராண்டுப் படிப்பாக இருந்த அது 2015 முதல் இரண்டு ஆண்டுகள். முடித்தபின் ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள் எழுத வேண்டும். அரசுப் பள்ளி வேண்டுமென்றால் ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் போட்டித் தேர்வு அதற்கும் மேல். இவ்வளவும் வரிசையாகக் காத்திருக்கிறது. வாசலில் அவளை நிறுத்திவைத்திருப்பது நீங்கள். இந்த ஆண்டு போனால் அடுத்த ஆண்டு என்பீர்கள். அடுத்த ஆண்டு யாராவது ஒரு சித்தப்பா வரன் கொண்டுவருவார். அப்போது பி.எட். பற்றி யாரும் பேச மாட்டார்கள், அவள் உட்பட.

குழுக்கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் தொடங்கியதே உங்கள் மாவட்டத்தில்தான், 1989இல். பெண்கள் கையில் கொஞ்சம் பணம் நிற்கட்டும், ஆடு மாடு வாங்கட்டும், சொந்தமாக ஒரு தொழில் செய்யட்டும் என்றுதான் அந்தத் திட்டம் வந்தது. உங்கள் அம்மா தம் பெயரில் அந்தக் கடனை வாங்கி உங்களுக்குக் கொடுத்தார். தவணையை உங்கள் தங்கையின் சம்பளம் கட்டுகிறது என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மறுத்து எழுதுங்கள். ஒரு தவணை தவறினால் குழுவில் மற்ற பெண்கள் முன்னால் தலைகுனிந்து நிற்கப்போவது நீங்கள் இல்லை. குழுக் கூட்டம் நடக்கும் இடத்துக்கும் மடிவாளாவுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

இப்போது அந்த 19,000 ரூபாய். உங்கள் சான்றிதழுக்குப் பொருந்தாது என்று அந்த வேலையை விட்டீர்கள். உங்கள் தங்கையின் கணிதப் பட்டத்துக்குச் சேலைப் பிரிவு பொருந்துகிறதா? அவள் பொருத்தம் பார்க்கவில்லை. பார்க்க அவளுக்கு வசதியில்லை, ஏனென்றால் அந்த வசதியை வீட்டில் நீங்கள் ஒருவரே எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். மூத்த பிள்ளை என்ற தகுதி அதிகம் செலவழிப்பதற்குக் கொடுக்கப்பட்டது என்று எந்தக் குடும்பத்தில் கற்றீர்களோ தெரியவில்லை. முதலில் வேலைக்குப் போவதற்கும் கடைசியில் கேட்பதற்கும்தான் மூத்தவன்.

சர்வீஸ் டெஸ்க் வேலையைக் கேவலமாக நினைப்பவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அதில் ஒருநாள்கூட உட்காராதவர்கள். இரவில் பாஸ்வேர்டு மாற்றிக் கொடுப்பதும், வி.பி.என். இணைப்பு ஏன் அறுந்தது என்று தேடுவதும், ஊழியரின் புகாரான டிக்கெட்டை நேரத்துக்குள் முடிப்பதும், ஒரு நிறுவனத்தின் கணினிகள் உண்மையில் எங்கே எப்படிப் பழுதாகின்றன என்பதைக் கற்றுத்தரும் வேலை. எல்-1 எனும் முதல்நிலை உதவிப் பணியில் சேர்ந்து எல்-2க்குப் போய், அங்கிருந்து கிளவுட் பிரிவுக்கு நகர்ந்தவர்கள் பெங்களூரில் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள். தூரம் என்ற சாக்கும் உங்களுக்கு இல்லை. மடிவாளாவுக்குப் பக்கத்தில் சில்க் போர்டு; அங்கிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்ட் முதல் மெட்ரோ ஓடுகிறது.

சான்றிதழே வீண் என்று நான் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களில் உங்களுடையதை ஒருவர் திறந்து பார்க்க அது உதவும். திறந்தபின் என்ன காண்கிறார்? கிளவுட், டெஸ்டிங், ஸ்க்ரம் என்று மூன்று திசைகள். ஒரு குழுவில்கூட வேலை செய்யாத ஸ்க்ரம் மாஸ்டர்! இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து வாங்கிய அந்தத் தாளை விண்ணப்பத்திலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். டெஸ்டிங் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் ஐ.எஸ்.டி.க்யூ.பி.யைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் 812 என்ற மதிப்பெண் இருக்கிறது. தேர்ச்சிக்கு 720 போதும், நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள், நல்லது. எத்தனை நேர்காணலுக்குப் போனீர்கள், எந்தக் கேள்வியில் தடுமாறினீர்கள் என்று ஒரு வரி இல்லை. ஒன்றரை ஆண்டு வேலை தேடிய ஒருவர் எழுத வேண்டியது அதைத்தானே? தேர்வில் நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். நேர்காணலில் அப்படிக் கொடுக்க மாட்டார்கள். ‘பிரைவேட் சப்நெட்டில் இருக்கும் சர்வர் மென்பொருளைப் புதுப்பிக்க இணையத்தை எப்படி எட்டும்?’ என்று கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் சர்வரை வெளியுலகத்துக்குக் காட்டாமல் இணையத்தோடு இணைக்கும் நாட் கேட்வே என்று சொல்வீர்கள். ‘நீங்கள் அமைத்திருக்கிறீர்களா?’ என்பது அடுத்த கேள்வி. அமைத்தவருக்கு, அதைச் சும்மா விட்டுவைத்தாலும் மணிக்கணக்கில் கட்டணம் ஏறும் என்பது தெரிந்திருக்கும். படித்தவருக்கு மறந்திருக்கும். நேர்காணலில் தோற்பது வலிக்கிறது, தேர்வில் ஜெயிப்பது இனிக்கிறது. அதனால் வலிக்கும் இடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இனிப்பைத் தெரிந்துதான் வியாபாரமும் நடக்கிறது. ஏ.டபிள்யூ.எஸ். தேர்வு ஒன்றில் தேறினால் அடுத்த தேர்வுக்குப் பாதிக் கட்டணத் தள்ளுபடி தருகிறார்கள். ஆடித் தள்ளுபடியில் தேவையில்லாத புடவை எடுப்பதைப் போல, தள்ளுபடி வீணாகிறதே என்று அடுத்த தேர்வை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஓசூர் தொழிற்சாலையை அரை வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள், ஏதோ தொலைத்துவிட்ட காலம் போல. உங்களிடம் இருக்கும் ஒரே உண்மையான அனுபவம் அதுதான். உற்பத்தி எப்படித் திட்டமிடப்படுகிறது, சரக்கு இருப்பு எங்கே தப்பாகப் பதிவாகிறது, ஷிஃப்ட் மாறும்போது என்ன குழப்பம் நடக்கிறது என்பதெல்லாம் கணினி மட்டும் படித்தவர்களுக்குத் தெரியாது. தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் அமைத்துக் கொடுக்கும், பராமரிக்கும் நிறுவனங்கள் இந்த நகரத்தில் இருக்கின்றன. நிறுவன நிர்வாக மென்பொருளான எஸ்.ஏ.பி.யில் உற்பத்தித் திட்டமிடலுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. (உடனே அதற்கொரு சான்றிதழ் தேடாதீர்கள்.) விண்ணப்பத்தின் முதல் பத்தியில் ஓசூரில் நீங்கள் செய்ததை விவரமாக எழுதுங்கள். சான்றிதழ்கள் கடைசியில் வரட்டும்.

இன்னொன்று. உங்கள் நிலையில் இருப்பவர்களிடம் மூன்று ஆண்டு ஐ.டி. அனுபவக் கடிதம் விற்க யாராவது வருவார்கள், அல்லது ஏற்கெனவே வந்திருப்பார்கள். எத்தனை நிறுவனம் மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யு.ஏ.என்.னை வாங்கிப் பார்த்தால் நீங்கள் எங்கே, எந்த மாதம் வரை வேலை பார்த்தீர்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். மேலே எழுதத் தேவையில்லை.

செய்ய வேண்டியது இதுதான். நீங்கள் மறுத்த அந்த நிறுவனத்துக்கு நாளைக்கே பேசுங்கள். அந்த இடம் நிரம்பியிருந்தால் அதைப் போன்ற இன்னொன்று கிடைக்கும்வரை வேறெதையும் படிக்காதீர்கள். இரண்டு மாதத்தில் கிடைக்கவில்லை என்றால் பி.ஜி.யைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போங்கள். முதல் சுற்று நேர்காணல்கள் பெரும்பாலும் இணையவழியில்தான் நடக்கின்றன. நேரில் அழைத்தால் காலையில் பஸ் ஏறி வரும் தொலைவில்தான் தருமபுரி இருக்கிறது. அறை வாடகையே அம்மாவின் தவணைக்கு ஆகும். சம்பளம் வரத் தொடங்கியதும் குழுக்கடனை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா கேட்பதற்கு முன்பே.

அடுத்த பி.எட். சேர்க்கைக்கு விண்ணப்பக் கட்டணம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். தங்கையிடம் நேரில் போய்ப் பேசுங்கள், அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள். வேண்டாம் அண்ணா என்பாள். மறுபடியும் கேளுங்கள். அதற்கும் வேண்டாம் என்றால், அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். ஜவுளிக்கடைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம் அதிகம். அன்றைக்கு அவள் வீட்டில் இருக்க மாட்டாள். அவளுக்கு வார விடுமுறை எந்த நாள் என்பது உங்களுக்குத் தெரியாது என்றால், ஊருக்குக் கிளம்புமுன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.