பெயர் விடுபட்ட ஞாயிறு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

ராயபுரத்தில் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போய், நோயாளிகளுக்குத் துணையாக வந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறோம். ஆரம்பத்திலிருந்தே சமையல் என் பொறுப்பு. சங்க ஆண்டுவிழாவில் ஆயர் இந்த ஊழியத்தைப் பாராட்டி, உழைத்தவர்களின் பெயர்களை வாசித்தார். என் பெயர் அதில் இல்லை. எனக்கு வெகுநாள் பின்னால் சேர்ந்த ஒரு சகோதரியின் பெயர் முதலில் வந்தது. அன்று முழுவதும் மனம் கொதித்துக்கொண்டே இருந்தது. இரவு ஜெபிக்க முழங்கால் போட்டபோதுதான், இத்தனை நாளும் கர்த்தருக்காகச் செய்யவில்லை, பெயருக்காகத்தான் செய்தேன் என்று உறைத்தது. அதன்பின் சமைக்கப் போகவில்லை. திருவிருந்து ஞாயிறிலும் இருக்கையை விட்டு எழவில்லை. இருதயம் சுத்தமாகும்வரை விலகியிருப்பதுதானே நேர்மை?

ஒரு வாசகி, ராயபுரம்

அன்புள்ள சகோதரிக்கு,

பெயர் விடுபட்டதும் மனம் கொதித்தது என்றால் உள்ளே புகழாசை இருந்திருக்கிறது. அதை நான் மழுப்பப் போவதில்லை. நீங்களே பார்த்துவிட்டீர்கள், பார்த்ததை எழுதியும்விட்டீர்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு, செய்தது அத்தனையும் பொய் என்று நீங்கள் எழுதிய தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

‘எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளதும் மகா கேடுள்ளதுமாயிருக்கிறது, அதை அறியத்தக்கவன் யார்?’ என்று எரேமியா 17ஆம் அதிகாரம் 9ஆம் வசனம் கேட்கிறது. பிரசங்கங்களில் பல நேரம் அந்தக் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வசனத்தில்தான் பதில் இருக்கிறது: இருதயத்தை ஆராய்கிறவர் தாமே என்று கர்த்தர் சொல்கிறார். இருதயம் திருக்குள்ளது என்று ஒப்புக்கொள்ளும் நீங்கள், அதே இருதயம் கொதித்துப்போயிருந்த ஓர் இரவில் தன்னைப் பற்றிச் சொன்ன சாட்சியை மட்டும் எப்படி அப்படியே நம்பினீர்கள்? நம்மைப் புகழும்போது பொய் சொல்லக்கூடிய மனம், நம்மைக் குற்றம்சாட்டும்போதும் பொய் சொல்லக்கூடும். அதனால்தான் 139ஆம் சங்கீதம், நான் என்னை ஆராய்ந்து முடித்துவிட்டேன் என்று முடியாமல், ‘தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்’ என்ற விண்ணப்பமாக முடிகிறது. ஆராய்கிற வேலை அவருடையது. மறைக்காமல் அவர் முன்னால் நிற்பதுதான் நம்முடையது.

உங்கள் பகுதியில் இராயப்பர் ஆலயத்தைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். இராயப்பர் என்பது இயேசுவின் சீடரான பேதுருவின் இன்னொரு பெயர். அந்தப் பேதுரு, எல்லாரும் விட்டு ஓடினாலும் நான் ஓடமாட்டேன் என்று தன் இருதயத்தை நம்பிச் சொன்னவர். விடிவதற்குள் மும்முறை மறுதலித்தவர். பிறகு கடற்கரையில் ஆண்டவர் ‘நீ என்னை நேசிக்கிறாயா’ என்று மூன்றாம் முறை கேட்டபோது, அவர் தன் மனதின் உறுதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ‘ஆண்டவரே, நீர் எல்லாவற்றையும் அறிந்திருக்கிறீர், நான் உம்மை நேசிக்கிறேன் என்பதையும் நீர் அறிவீர்’ என்று, அறிகிற பொறுப்பை அவரிடமே விட்டுவிட்டார். அதற்குக் கிடைத்த பதிலைக் கவனியுங்கள்: ‘என் ஆடுகளை மேய்ப்பாயாக.’ உன் இருதயம் சுத்தமாகும்வரை ஒதுங்கியிரு என்று ஆண்டவர் சொல்லவில்லை, வேலையைக் கையில் கொடுத்தார்.

மத்தேயு 6ஆம் அதிகாரத்திலும் இதே நிலைதான். மனுஷர் காணவேண்டுமென்று தர்மம் செய்யாதே என்று எச்சரிக்கும் இயேசு, தர்மம் தொடரும் என்று எடுத்துக்கொண்டுதான், வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் துறவி பெர்நார்துவைப் பற்றி ஒரு செய்தி உண்டு; இயேசு சபையை நிறுவிய இக்னாசியார் அதைத் தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற நூலில் எடுத்துச் சொல்கிறார். நல்ல காரியத்தின் நடுவே வீண்புகழ் எண்ணம் வந்து, நீ இதை எனக்காகத்தான் செய்கிறாய் என்று சொன்னபோது, உனக்காக நான் இதைத் தொடங்கவும் இல்லை, உனக்காக இதை நிறுத்தப்போவதும் இல்லை என்று அவர் பதில் சொன்னாராம். நீங்கள் நிறுத்திவிட்டீர்கள் சகோதரி. புகழாசை உங்களைச் சமைக்க வைத்ததோ இல்லையோ, சமையலை நிறுத்த வைத்துவிட்டது.

அங்கே சாப்பிடுகிறவர்களை உங்கள் கடிதம் ஒரே வரியில் கடந்துவிடுகிறது. அந்த மருத்துவமனையைப் பழைய ஆட்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1782இல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. அன்று ஊற்றியவர்கள் என்ன நோக்கத்தோடு ஊற்றினார்கள் என்பது கர்த்தருக்குத்தான் தெரியும். குடித்தவர்களுக்குப் பசி ஆறியது. அதனால் நோக்கம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. நோக்கம் கெட்டால் அது வாங்குகிறவர்மேல் போய் விழும். வடசென்னையில் ஒரு மழை வெள்ளத்தின்போது, இடுப்புவரை நனைந்த சேலையோடு நின்ற ஒரு வயதான அம்மாவிடம் சாம்பார் சாதப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள், இன்னொரு படம் எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமலே நின்றார். உங்கள் சங்கத்தில் அப்படி ஏதாவது நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் இந்த வாரமே நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே எத்தனை பங்கு அன்பு, எத்தனை பங்கு ஆசை என்று அளந்துகொண்டிருப்பதைவிட அது பயனுள்ள ஆராய்ச்சி.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடம் வேறு. முதலில் வாசிக்கப்பட்ட அந்தச் சகோதரியைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதிவிட்டு, உடனே உங்கள் நோக்கத்தைப் பற்றிய பெரிய கேள்விக்குப் போய்விட்டீர்கள். என் எண்ணத்தில் ஆராயவேண்டியது அந்த வாக்கியத்தைத்தான். நோக்கம் சுத்தமா என்ற கேள்விக்கு இந்த உலகத்தில் முழுப் பதில் கிடைக்காது. அவர்மேல் எனக்குப் பொறாமை இருக்கிறதா, ஆண்டுவிழாவுக்குப் பின் அவரோடு முகங்கொடுத்துப் பேசினேனா என்ற கேள்விக்கு இன்றைக்கே பதில் தெரியும், மனந்திரும்பவும் முடியும். சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று பலிபீடத்தினிடத்தில் நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு, பின்பு வந்து காணிக்கையைச் செலுத்து என்கிறார் இயேசு. அந்தப் ‘பின்பு வந்து’ என்பதை நீங்கள் விட்டுவிடக்கூடாது.

திருவிருந்துக்கும் இதே பதில்தான். ‘எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து’ என்றுதான் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். சோதித்தறிந்தவர் பந்திக்கு வரவேண்டும் என்பதே அங்கே கட்டளை. ஆகையால் வருகிற ஞாயிறு ஆராதனைக்கு முன்பே போய் அந்தச் சகோதரியைப் பாருங்கள். அவருக்கு உங்கள் மனக்கொதிப்பு தெரியாதிருந்தால் அதைச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம், அவர் செய்கிற வேலையில் உண்மையாகவே நன்றாயிருப்பதைச் சொல்லுங்கள். பெயர் விடுபட்டதை ஆயரிடம் இப்போது எடுக்காதீர்கள். சமையலை இந்த முறை அவர் பொறுப்பில் கொடுத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கிறவர்களோடு நீங்கள் உட்காருங்கள். அவர் கூப்பிட்டால் அடுப்பண்டை போய் உப்புக் காரம் பார்த்துக் கொடுங்கள்.

அன்புடன்.