கேள்வி – பதில்: விக்கா சடங்குகளில் மூலிகைகள்

ரோஸ்மேரிக்குச் சூரியன், லாவெண்டருக்குப் புதன் என்று விக்கா (மந்திரச் சடங்குகளைக் கொண்ட நவீன இயற்கை வழிபாட்டுச் சமயம்) கையேடுகளில் போட்டிருக்கிறது. சொன்ன மூலிகை கிடைக்காவிட்டால் வேறொன்றைப் போடலாமா?

தாராளமாக. அந்தப் பட்டியல் ஆதிகால ரகசியம் ஒன்றுமில்லை. 1652-இல் லண்டன் மூலிகை வைத்தியர் நிக்கலஸ் கல்பெப்பர் வெளியிட்ட நூலில் செடிக்கொரு கிரகம் சொல்லியிருந்தார். இன்றைய கையேடுகள் பலவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ரோஸ்மேரி இல்லையென்றால் அதே சூரியனுக்குரிய பே இலையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இலைக்கும் பதிலாக ரோஸ்மேரி, எந்தப் பூவுக்கும் பதிலாக ரோஜா என்பது விக்கா வட்டாரத்தில் பழகிப்போன வழக்கம்.

ஆனால் மாற்றலாம் என்பது அடையாளத்துக்கு மட்டும்தான். எரிக்கிற பொருள், தோலில் படுகிற பொருள் என்றால் கிரகத்தைப் பார்த்துப் பயனில்லை, செடியின் சாற்றைப் பார்க்க வேண்டும். காப்புக்காக வைக்கும் அருவதாவை வெறுங்கையால் பறித்துவிட்டு வெயிலில் நின்றால் சாறு பட்ட இடம் தீக்காயம் போலக் கொப்பளித்துவிடும். கையுறை போட்டுப் பறியுங்கள்.

கரித்துண்டில் தூபம் போட்டால் வாசனைக்குப் பதிலாக வைக்கோல் கருகிய நாற்றம்தான் வருகிறது. ஏன்?

இலை அதிகம், பிசின் குறைவு. இலை தொட்டவுடன் எரிந்து தீர்ந்துவிடும், பிசின்தான் மெல்ல உருகி மணம் விடும். சாம்பிராணி, குங்கிலியம் போன்ற பிசின் 2 பங்கு, சந்தனம் போன்ற மரத்தூள் 1 பங்கு, காய்ந்த இலை 1 பங்கு என்று கலந்து பாருங்கள். பிசினை 15 நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு இடித்தால் உரலில் ஒட்டாது.

இன்னொரு தவறு அவசரம். கரித்துண்டு முழுக்கச் சாம்பல் பூக்கும்வரை, ஐந்து முதல் பத்து நிமிடம், காத்திருங்கள். அதற்கு முன் போட்டால் கரியின் நெடியோடு கலந்து தொண்டையைக் கமறவைக்கும். ஒரு சமயத்தில் ஒரு சிட்டிகை போதும். கிண்ணத்தில் இரண்டு அங்குல மணல் பரப்பி, அதன்மேல் கரியை வையுங்கள். மணல் இல்லாவிட்டால் கிண்ணமும் விரிசல் விடும், மேசையும் கருகும். ஜன்னல் திறந்திருக்கட்டும், கரி கார்பன் மோனாக்சைடு விடும், அதற்கு வாசனையே கிடையாது.

மெழுகுவர்த்தியில் தடவ ரோஸ்மேரி எண்ணெய் ஊறவைத்தேன். மூன்றாவது வாரம் பூசணம் பிடித்துவிட்டது.

இலையில் ஈரம் இருந்திருக்கிறது. தண்டை வளைத்தால் 'படக்'கென்று முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் காயவில்லை. ஜாடியும் மூடியும்கூட முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். காய்ந்த இலையை நசுக்கி ஜாடியில் பாதி அளவு போட்டு, இலை முழுக்க மூழ்கி அதற்கு மேல் இரண்டு விரல் உயரம் நிற்கும்படி ஆலிவ் எண்ணெய் ஊற்றுங்கள். மேலே மிதக்கிற இலையில்தான் பூசணம் முதலில் பிடிக்கும். நான்கிலிருந்து ஆறு வாரம் நிழலில் வைத்து, அவ்வப்போது குலுக்கி, துணியில் வடித்துக்கொள்ளுங்கள். பூசணம் வந்த எண்ணெயைக் கொட்டிவிடுங்கள், வடித்து மீட்கப் பார்க்க வேண்டாம்.

மெழுகுவர்த்திக்கு இரண்டு மூன்று சொட்டே அதிகம். மூலிகைத் தூளைத் திரியிலிருந்து தள்ளி, மெல்லிசாகத் தூவுங்கள். தடிமனாக ஒட்டினால் ஒவ்வொரு இலையும் தனித் திரியாகிப் பற்றிக்கொள்ளும். கண்ணாடிக் குவளை வர்த்தியாக இருந்தால் அந்தச் சூட்டில் கண்ணாடி வெடிக்கவும் கூடும்.

சூனியக்காரிகள் பூசிக்கொண்டு பறந்ததாகப் பழங்கதைகள் சொல்லும் 'பறக்கும் களிம்பை' பெல்லடோனா என்ற நச்சுச் செடி போட்டுத் தயாரிக்கலாமா? தோலில்தானே தடவுகிறோம், சாப்பிடவில்லையே?

வேண்டவே வேண்டாம். பெல்லடோனா, குரோசாணி ஓமம், ஊமத்தை மூன்றிலும் அட்ரோபின், ஸ்கோபோலமின் வகை ஆல்கலாய்டுகள் (செடியிலுள்ள வீரியமான நச்சு வேதிப்பொருட்கள்) உண்டு. பயண வாந்திக்குக் காதின் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை மூன்று நாளில் மொத்தம் 1 மில்லிகிராம்தான் உடலுக்குள் விடுகிறது, அதுவே வேலை செய்கிறது. தோல் தடுப்புச் சுவர் அல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்தப் பட்டையில் அளவு நிச்சயம். செடியிலோ இலைக்கு இலை, பருவத்துக்குப் பருவம் மாறும். கண்பாவை விரிதல், வாய் வறட்சி, இதயப் படபடப்பு, பிதற்றல் என்று போய் மூச்சே நிற்கலாம். வத்சநாபி என்ற இன்னொரு நச்சுச் செடி இதயத் துடிப்பையே குலைக்கும், அதைத் தொடுவதும் வேண்டாம்.

கனவுக்கான சடங்கு என்றால் இன்று பலரும் எடுப்பது மாசிபத்திரி. அதையும் உலர்த்தித் துணிப்பையில் கட்டித் தலையணையடியில் வைத்தாலே போதும். கர்ப்பிணிகளும், சாமந்தி இனப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும்.

வெண்சேஜ் (புகை போடப் பயன்படும் ஒரு வாசனைச் செடி) கட்டு இல்லாமல் வீட்டைத் தூய்மைப்படுத்தும் புகை போட முடியுமா?

முடியும், அதுவே நல்லது. வெண்சேஜ் தெற்கு கலிஃபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோ பகுதியிலும் மட்டுமே இயற்கையாக வளர்வது. அங்குள்ள பழங்குடி மக்களுக்குப் புனிதச் செடி. சந்தைக்காகக் காட்டிலிருந்து திருட்டுத்தனமாகவும் அறுக்கிறார்கள். தொட்டியில் வளர்த்த சாதாரண சேஜ் அல்லது ரோஸ்மேரி போதும். ஒருநாள் வாடவிட்டு, கட்டைவிரல் பருமனுக்குப் பருத்தி நூலால் இறுக்காமல் கட்டி, நிழலில் தொங்கவிடுங்கள். அதைவிடப் பருத்த கட்டின் நடுப்பகுதி காயாமல் பூசணம் பிடிக்கும், பற்றவைத்தால் பாதியில் அணைந்தும் போகும். வீட்டில் பறவை இருந்தால் அந்த அறையில் புகையே வேண்டாம். அவற்றின் நுரையீரல் தாங்காது.