ஏசி டிகிரியைத் தானாகக் கூட்டிக் குறைத்தால் கரண்ட் பில் குறையுமா?

கடை, ஆபீஸ் போன்ற பெரிய கட்டடங்களில் ஏசி அளவைத் தானாக மாற்றும் கருவி போட்டால் மிச்சமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும். ஆனால் எங்களுக்கு முதல் மாதம் பில் கூடித்தான் வந்தது.

பாளையங்கோட்டையில் மூன்று மாடி ஜவுளிக்கடை ஒன்றில் ஏசி, ஜெனரேட்டர் எல்லாம் என் பொறுப்பு. முன்பெல்லாம் ரிமோட் முதலாளி அண்ணாச்சி கையில். சித்திரை வெயிலில் உள்ளே வந்ததும் 18 வைப்பார், சீக்கிரம் குளிருமாம். எங்கள் பழைய கம்ப்ரஸர் 18 வைத்தாலும் 24 வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18-ல் நிற்கவே நிற்காது, அவ்வளவுதான். மதியத்துக்குள் பட்டு கவுண்டர் பிள்ளைகள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கும்.

ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து வரும் வீட்டு ஏசிகள் ஆன் செய்ததும் 24 காட்டுவதும் அவர்கள் போட்ட விதியால்தான்.

இப்போது கடை திறக்கும்போது 24. பிறகு அரைமணிக்கு அரை டிகிரியாக அதுவே 26 வரை ஏறும், மேலே ஃபேன் சுற்றும். யாருக்கும் தெரிவதில்லை. ஒரு நாள் ஒரேயடியாக இரண்டு டிகிரி ஏற்றிப் பார்த்தேன். "ஏல, மெஷின் ஓடுதா, உறங்குதா?" என்று அண்ணாச்சி மேலே வந்துவிட்டார். சாயங்காலம் கூட்டம் சேர்ந்தால் மறுபடி இறங்கும். ஆள் சூடும் ஏசிக்குச் சுமைதானே.

அந்த முதல் மாதக் கோளாறு சென்சாரால். வாசல் தூணில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கதவு திறக்கிறபோதெல்லாம் ரோட்டு அனல் அதன் முகத்தில் அடிக்க, கடையே வேகிறது என்று நினைத்து அது மெஷினை விரட்டியிருக்கிறது. கழற்றி உள்சுவரில், நெஞ்சு உயரத்தில் மாட்டினேன். சரியாயிற்று.

ஐப்பசி மழையில் இன்னொரு வம்பு. வெளியேதான் குளிர்கிறதே என்று 27 வரை ஏற விட்டோம். கம்ப்ரஸர் ஓடாவிட்டால் காற்றிலுள்ள ஈரமும் வடியாது. வேட்டிக் கட்டுகளில் நமுத்த வாடை! ஈரப்பதம் 60 சதவீதம் தாண்டினால் டிகிரி ஏறக்கூடாது என்று அப்புறம் கட்டுப் போட்டோம்.

ஹீட்டிங் என்று ஒரு பட்டன் இருக்கும். நெல்லையில் மார்கழிக்குக்கூட அது வேண்டாம், முடக்கிவிடுங்கள்.

ரிமோட் இன்னும் அண்ணாச்சியிடம்தான். எத்தனை தடவை அமுக்கினாலும் 23-க்குக் கீழே இறங்காது. அவருக்கும் தெரியும், அமுக்குவதை விடவில்லை.