பல் ஈற்றில் ஒரு செந்நீலக் கட்டி

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. கீழ் ஈற்றில் செந்நீல நிறத்தில் சுண்டைக்காய் அளவு கட்டி இருந்தது. அறுத்தெடுத்துச் சோதித்ததில் ‘ஜயன்ட் செல் கிரானுலோமா’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. புற்றுநோயா? அபூர்வமான நோயா?

பதில்: புற்றுநோய் இல்லை. முதலில் எல்லோரும் சாப்பிடுங்கள்.

அபூர்வமா இல்லையா என்பது, கட்டி எங்கிருந்து கிளம்பியது என்பதைப் பொறுத்தது. ஈற்றோடு நின்றுவிடும் வகையைப் பல் டாக்டர்கள் அவ்வப்போது பார்ப்பதுண்டு. பற்காரை, சரியாகப் பொருந்தாத பல்செட் என்று ஈற்றை உறுத்திக்கொண்டே இருந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் பின்னணியில் இருக்கும். 2 சென்டிமீட்டரைத் தாண்டி வளர்வது குறைவு. தாடை எலும்புக்குள்ளேயே முளைப்பதுதான் அபூர்வம். நெதர்லாந்தில் நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது, ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் அது வந்திருந்தது. 30 வயதுக்குள், பெண்களுக்கு, கீழ்த்தாடையில் அதிகம். உங்கள் தங்கைக்கு இந்த மூன்றும் பொருந்துவதால்தான் ‘சாதாரணக் கட்டி’ என்று ஒரு வரியில் முடிக்காமல் எழுதுகிறேன்.

நான் மைக்ராஸ்கோப் முன்னால் உட்காருகிற ஆள். ஸ்லைடில் ஒரே பெரிய செல்லுக்குள் பத்து, இருபது நியூக்ளியஸ் (செல்லின் கரு) கொத்தாகக் கிடக்கும். ‘ஜயன்ட் செல்’ என்பது அதுதான். சுற்றிலும் கசிந்த ரத்தத்தின் பழுப்புக் கறை. ஈற்றுக் கட்டியும் இப்படித்தான், எலும்புக் கட்டியும் இப்படித்தான். கழுத்தில் இருந்துகொண்டு ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பதால் எலும்பில் வரும் ‘பிரவுன் ட்யூமர்’, சிறு குழந்தைகளுக்கு இரு பக்கத் தாடையும் உப்பும் ‘செருபிசம்’, இவற்றின் ஸ்லைடைக் கலந்து வைத்தால் எனக்கும் பிரித்துச் சொல்ல வராது. வெறும் ஸ்லைடை வைத்து அடித்துச் சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன்.

அதனால் எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். எலும்புக்குள் வளர்ந்தது வெளிச்சுவரை அரித்துக்கொண்டு ஈற்றில் எட்டிப் பார்ப்பதும் உண்டு. எலும்பு அரித்திருந்தால் ரத்தத்தில் கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் இரண்டையும் பார்த்துவிட வேண்டும். அந்தச் சுரப்பியில் கோளாறு என்றால் வைத்தியம் அங்கேதான் தொடங்கும்.

எலும்பு சுத்தமாக இருந்தால், அடிவரை சுரண்டி எடுத்தார்களா, பக்கத்துப் பல்லில் காரை நீக்கினார்களா என்பது மட்டும்தான் மிச்சம். ஈற்றுக் கட்டி சுமார் பத்தில் ஒருவருக்குத் திரும்ப முளைக்கும். அப்படி வந்தால் பழைய ஸ்லைடையும் எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். பலர் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் நீட்டுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு எங்களால் ஒன்றும் ஒப்பிட முடியாது.