புசூக்கியில் ஹிட்ஜாஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிரேக்க நகர்ப்புறப் பாட்டான ரெபெட்டிகோ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, அதில் வாசிக்கும் நீண்ட கழுத்துக் கம்பி வாத்தியமான புசூக்கி ஒன்று வாங்கினேன். மூன்று ஜோடிக் கம்பிகள் உள்ளது. கிதார் கொஞ்சம் வாசிப்பேன், சிறுவயதில் பாட்டும் கற்றிருக்கிறேன். கிரேக்கர்கள் த்ரோமோஸ் என்று சொல்லும் ஸ்வரவரிசைகளில் ஹிட்ஜாஸை, எந்த ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கட்டையில்) விரல் வைப்பது என்று காட்டும் ஒரு படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்தேன். ஏற்றமும் இறக்கமும் வேகமாகவே வருகின்றன. ஆனால் பாட்டாக ஒலிக்கவில்லை, வெறும் பயிற்சியாகத்தான் கேட்கிறது. ஸ்வரங்களைப் பார்த்தால் நம் வகுளாபரண ராகம்தானே? அப்படியே கமகத்தோடு வாசிக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

ஸ்வரக் கணக்கு சரிதான். சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். கர்நாடக இசையின் 14ஆவது மேளகர்த்தா. ஆனால் ஹிட்ஜாஸ் இதோடு நிற்பதில்லை. மேலே ஏறும்போது பல பாட்டுகளில் தைவதம் அரை ஸ்வரம் உயரும், இறங்கும்போது சுத்த தைவதத்துக்குத் திரும்பிவிடும். நடுவில் நின்று இளைப்பாறும் இடம் பெரும்பாலும் மத்யமம். முடிக்கும்போது ஸட்ஜமத்துக்குக் கீழே உள்ள கைசிகி நிஷாதத்தைத் தொட்டுவிட்டு வருவார்கள். இவ்வளவும் உங்கள் படத்தில் இருந்திருக்காது. அதனால்தான் பயிற்சியாக ஒலிக்கிறது.

முதலில் அந்தப் படத்தை ஓரமாக வையுங்கள். கையை நாலு ஃப்ரெட்டுக்குள் நிறுத்திக் கம்பிக்குக் கம்பி குறுக்கே போவது கிதார்ப் பழக்கம். உங்கள் புசூக்கியின் சுருதி டி–ஏ–டி, அதாவது ஸட்ஜமம், பஞ்சமம், ஸட்ஜமம். மெல்லிய டி ஜோடியில் மட்டும் நீளவாக்கில் வாசியுங்கள்: திறந்த கம்பி, பிறகு 1, 4, 5, 7, 8, 10, 12ஆவது ஃப்ரெட்டுகள். மற்ற இரண்டு ஜோடிகளையும் அழுத்தாமல் அவ்வப்போது மீட்டி ஒலிக்க விடுங்கள். கீழே ஸட்ஜமமும் பஞ்சமமும் நிற்கும், மேலே பாட்டு நடக்கும். 1930களில் ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் வாசித்தவர்களின் ஒலிக்கு இது மிக நெருக்கமானது. அவர்களில் ஒருவரான மார்க்கோஸ் வாம்வாக்காரிஸின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டால் அந்தத் திறந்த கம்பிகளின் அதிர்வு தெளிவாகக் காதில் விழும். நாலு ஜோடிப் புசூக்கி 1950களில் மனோலிஸ் ஹியோடிஸ் என்ற புசூக்கிக் கலைஞரால் பரவியது. அதில் கிதார் முறை எளிதாகப் பொருந்தும். நீங்கள் மூன்று ஜோடி வாங்கியது நல்லதாகப் போயிற்று.

கம்பியின் மீது நீளவாக்கில் போகும்போது, 1ஆவது ஃப்ரெட்டிலிருந்து 4ஆவதுக்குக் கை தாவும். ஹிட்ஜாஸின் உயிர் அந்த இடைவெளியில் இருக்கிறது. அதைக் கையே உணர வேண்டும் என்பதால்தான் ஒரே கம்பியை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அந்த இடைவெளிக்கு ஒரு வரலாறும் உண்டு. துருக்கிய இசையின் ராகமுறையான மக்காமில் இந்த ரிஷபம் சற்று ஏறியும் காந்தாரம் சற்று இறங்கியும் இருக்கும். அதாவது இடைவெளி கொஞ்சம் குறுகல். ஊத் என்ற கம்பி வாத்தியம், வயலின் இரண்டிலும் ஃப்ரெட் இல்லாததால், இன்றைய துருக்கியின் இஸ்மீரான ஸ்மிர்னாவின் இசைக்கலைஞர்கள் அதை அப்படியே வாசித்தார்கள். 1922இல் ஸ்மிர்னா எரிந்தது. அடுத்த ஆண்டு கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தக் கொந்தளிப்பில் சுமார் 12 லட்சம் பேர் கிரேக்கத்துக்கு அகதிகளாக வந்தார்கள், இந்த இசையும் அவர்களோடு வந்தது. புசூக்கிக்கு முன்னோடியான தம்பூராஸில் ஃப்ரெட்டுகளைக் கட்டியிருப்பார்கள், நகர்த்திக்கொள்ளலாம். 1821 கிரேக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட மக்ரியானிஸ் வாசித்த தம்பூராஸ் ஏதென்ஸ் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புசூக்கியில் உலோக ஃப்ரெட்டுகளை அடித்துப் பதித்ததும் எல்லாம் சமமான பன்னிரண்டு அரை ஸ்வரங்களாகிவிட்டன, இடைவெளியும் அகன்றது. இதைக் குறை என்று நான் நினைக்கவில்லை. பிரேயஸ் பாணியின் கறாரான, வெட்டியெடுத்த ஒலி இதிலிருந்து வந்ததுதான். ஆனாலும் பழைய ரெபெட்டிகோ பாடகி ரோஸா எஸ்கெனாசி பாடியதை நிறையக் கேளுங்கள். அந்த ரிஷபமும் காந்தாரமும் குரலில் எங்கே நிற்கின்றன என்று காதுக்குத் தெரிந்தால், ஃப்ரெட்டில் எவ்வளவு நேரம் நிற்பது, எதைச் சட்டென்று விடுவது என்பது விரலுக்கும் தெரிந்துவிடும்.

கமகம் வேண்டாம். ஜோடிக் கம்பிகளை இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது, அபஸ்வரம்தான் வரும். இங்கே அலங்காரம் வேறு வகை. மீட்டும் வில்லையான பிளெக்ட்ரத்தை மேலும் கீழும் வேகமாக ஓட்டி ஸ்வரத்தை நீட்டுவது ஒன்று. மீட்டாமல் அடுத்த ஃப்ரெட்டில் விரலைத் தட்டி எடுப்பது இன்னொன்று. வகுளாபரணம் தெரிந்திருப்பது ஸ்வரஸ்தானங்களைப் பாடிப் பார்க்கப் பெரிய உதவி. அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஹிட்ஜாஸை அதன் பாட்டுகளிடமிருந்தே கற்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். ஹசாப்பிகோ தாளத்தில் உள்ள ஒரு பாட்டை எடுங்கள், அது நேரான நடை. ஒன்பது எண்ணிக்கை உள்ள ஸெய்பெகிகோ அப்புறம். பாட்டைக் கேட்டு, முதலில் வாயால் பாடி, பிறகு அந்த ஒரே ஜோடியில் தேடுங்கள். சில பாட்டுகளுக்கு முன்னால் தாளமில்லாமல் புசூக்கி மட்டும் தனியாக விரிவாக வாசிக்கும். அதன் பெயர் தக்சீமி. அதைத் துண்டு துண்டாக நிறுத்திக் கேளுங்கள். எந்த ஸ்வரத்திலிருந்து கிளம்புகிறார், மத்யமத்தில் எத்தனை முறை நிற்கிறார், மேல் ஸட்ஜமத்துக்கு எப்போதுதான் போகிறார் என்று கவனியுங்கள். ஒரு நல்ல தக்சீமி கற்றுக்கொடுப்பதை எந்தப் பாடப்புத்தகமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. கூட வாசிக்கக் கிதார் நண்பர் யாராவது இருந்தால் டி மேஜர், சி மைனர் கார்டுகள் போதும், இடையில் ஜி மைனர் தொட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது ஹிட்ஜாஸ்கியார். நிஷாதம் மட்டும் காகலி ஆகும், ஸ்வரங்கள் மாயாமாளவகௌளை. 1927இல் நியூயார்க்கில் பதிவான ‘மிசிர்லூ’ என்ற பாட்டு இந்த த்ரோமோஸ்தான். ஆனால் அவசரம் வேண்டாம். ஹிட்ஜாஸில் இரண்டு பாட்டும் ஒரு சின்ன தக்சீமியும் கைக்கு வந்த பிறகு அதற்குப் போங்கள். அந்தத் தக்சீமியைப் பதிவுசெய்து எனக்கு அனுப்புங்கள், கேட்க ஆவலாக இருக்கிறேன்.