கொசு காத்த எல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

2025 செப்டம்பரில் நேபாள இளைஞர்களின் எழுச்சியில் பிரதமர் கே.பி. சர்மா ஒலியின் அரசு வீழ்ந்ததை ஒட்டி நண்பர்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட அந்த நாட்டில் யார் ஆள்வது என்பதை டெல்லியோ பெய்ஜிங்கோதான் முடிவுசெய்கிறது என்று நான் வாதிட்டேன். நேபாளத்தை ஒன்றாக்கிய மன்னர் பிருத்வி நாராயண் ஷாவே தன் நாட்டை இரண்டு பாறைகளுக்கு இடைப்பட்ட கிழங்கு என்றுதானே சொன்னார்? சீன ரயில் காத்மாண்டு வரை வந்துவிட்டால் இந்தியாவைச் சார்ந்திருக்கும் நிலை முடிந்துவிடும் என்றும் நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

கிழங்கு உவமை நேபாளத்தை ஒரே துண்டாகக் காட்டுகிறது. சிதறிக் கிடந்த மலையரசுகளை வென்று ஒரு நாடாக்கிக்கொண்டிருந்த கோர்க்கா மன்னருக்கு அப்படிப் பார்க்கும் தேவை இருந்தது. நமக்கு அது இல்லை. நேபாள அரசியலில் மிகுந்த விளைவை உண்டாக்கிய எல்லைக்கோடு அந்நாட்டுக்கு உள்ளேயே, மலைக்கும், இந்திய எல்லையை ஒட்டிய தராய் சமவெளிக்கும் நடுவே ஓடுகிறது என்பது என் கருத்து. டெல்லியின் பிடி இறுகுவதும் தளர்வதும் பெரும்பாலும் அந்தக் கோட்டைப் பொறுத்தே நடந்திருக்கிறது.

1816இல் உறுதியான சுகௌலி உடன்படிக்கையால் நேபாளம் குமாவுன், கர்வால் பகுதிகளோடு தராயின் பெரும்பகுதியையும் ஆங்கிலேயரிடம் இழந்தது. 1857 கிளர்ச்சியை அடக்க நேபாளப் பிரதமர் ஜங் பகதூர் ராணா படையோடு லக்னோவுக்குப் போனதற்குக் கைம்மாறாக, மேற்குத் தராய் 1860இல் திரும்பக் கிடைத்தது. ஆனால் கிடைத்த நிலத்தில் மலைமக்கள் குடியேறவில்லை. அடிவாரம் முழுக்க அடர்ந்த காடு, காடு முழுக்க மலேரியா. கோடையிலும் மழைக்காலத்திலும் அங்கே ஓர் இரவு தங்கவே மலைவாசிகள் அஞ்சினார்கள். தராயின் பழங்குடிகளான தாரு மக்கள்தாம் தலைமுறை தலைமுறையாக அந்தக் காய்ச்சலைத் தாங்கி வாழ்ந்தார்கள். பரம்பரைப் பிரதமர்களாக நாட்டை ஆண்ட ராணாக்கள் இந்தக் காட்டையும் கொசுவையும் சம்பளம் கேட்காத காவல்படையாகவே கருதினார்கள். தலைநகருக்குச் சாலை போடுவதிலும் அவர்கள் ஆர்வம் காட்டவில்லை. காத்மாண்டு அரண்மனைகளில் கார்கள் இருந்தன, ஆனால் அவற்றைச் சுமைதூக்கிகள் மூங்கில் கழிகளில் கட்டித் தோளில் சுமந்து சந்திராகிரி மலையைத் தாண்டிக் கொண்டுவந்தார்கள். இந்தியா அமைத்துக்கொடுத்த திரிபுவன் ராஜபாதை வந்தது 1956இல்தான்.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அமெரிக்க உதவியோடு அடிவாரத்து ராப்தி பள்ளத்தாக்கில் டிடிடி என்னும் கொசுக்கொல்லியைத் தெளிக்கத் தொடங்கினார்கள். மலேரியா ஒடுங்கியது, காடு வெட்டப்பட்டது, மலையிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கி வந்தார்கள். நாட்டின் பரப்பில் கால்பங்குக்கும் குறைவான தராயில் இன்று மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். பட்டா என்ற ஒன்றை அறியாத தாருக்களில் பலர் சொந்த மண்ணிலேயே கமையா என்னும் கொத்தடிமைகளானார்கள். அம்முறை சட்டப்படி ஒழிந்தது 2000ஆம் ஆண்டில்தான். வெளிநாடுகள் நேபாளத்தில் செய்தவற்றுள் அந்நாட்டின் அரசியலை மிக ஆழமாக மாற்றியது எது என்று என்னைக் கேட்டால், எந்தத் தூதரகச் சதியையும்விட, யாருமே தலையீடு என்று அழைக்காத இந்தக் கொசு ஒழிப்புத் திட்டத்தைத்தான் சொல்வேன்.

இறங்கி வந்தவர்களோடு மலையின் பண்பாடும் அரசின் பண்பாடாக இறங்கியது. மன்னர் மகேந்திரரின் பஞ்சாயத்து ஆட்சி ஒரே மொழி, ஒரே உடை என்றது. மைதிலியும் போஜ்புரியும் பேசி, வேட்டி கட்டி, பீகாரில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் தராய்வாசிகளான மதேசிகள் அந்தக் கண்ணுக்கு அரை இந்தியர்களாகத் தெரிந்தார்கள். சீதை பிறந்த ஊர் என்று நம்பப்படும் ஜனக்பூரின் பெண் ஒருத்தி எல்லைக்கு அப்பால் தர்பங்காவில் வாழ்க்கைப்பட்டால், 2015ஆம் ஆண்டின் அரசியலமைப்பின்படி அவள் பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமை கிடைக்காது. விண்ணப்பித்துப் பெறும் குடியுரிமையே கிடைக்கலாம்; அதைப் பெற்றவர் பிரதமராகவோ குடியரசுத் தலைவராகவோ ஆக முடியாது. இந்திய எல்லையோரத்தில் இது எத்தனை வீடுகளைத் தொடும் விதி என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்த அரசியலமைப்பு நடப்புக்கு வருவதற்கு முன்பே தராய் போராட்டங்களில் போலீஸார் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். பிறகு நேபாளத்தின் பீர்கஞ்சுக்கும் பீகாரின் ரக்சௌலுக்கும் நடுவே உள்ள எல்லைப் பாலத்தில் மதேசிகள் உட்கார்ந்தார்கள், லாரிகள் நின்றன. தான் தடுக்கவில்லை என்று இந்தியா சொன்னது. போராட்டக்காரர்களே இல்லாத சாவடிகளிலும் வண்டிகள் நகரவில்லையே என்று காத்மாண்டு கேட்டது. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். நிலநடுக்கம் கண்டு ஐந்து மாதமே ஆன தலைநகரில் சமையல் எரிவாயு உருளைகளைப் பாதி மட்டும் நிரப்பி விற்றார்கள், பலர் விறகடுப்புக்குத் திரும்பினார்கள். ஆனால் உட்கார ஆள் இல்லாமல் டெல்லி அந்தப் பாலத்தை நினைத்திருக்கவே முடியாது. அவர்களை அங்கே உட்காரவைத்தது காத்மாண்டு.

ஆதாயம் யாருக்கு என்று பார்த்தால், இந்தியாவுக்கு இல்லை. இந்திய எதிர்ப்பில் வளர்ந்த ஒலி 2017 தேர்தலில் பெருவெற்றி பெற்றார். 2025இல் அவர் வீழ்ந்தபோதும் அந்நியக் கை என்ற பேச்சு எழாமல் இல்லை. ஆனால் சமூக ஊடகத் தடை, தலைவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் ஆடம்பரம், வேலைக்கு வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போயாக வேண்டிய நிலை, முதல் நாளே 19 பேரைக் கொன்ற துப்பாக்கிச்சூடு ஆகியவை அந்தக் கோபத்துக்குப் போதுமானவை.

இனி ரயில். திபெத்தின் எல்லையூரான கேருங்கிலிருந்து காத்மாண்டு வரும் பாதை ஏறக்குறைய முழுவதும் சுரங்கங்களும் பாலங்களுமாகவே அமைய வேண்டும், அதுவும் நிலநடுக்கப் பகுதியில். சீனா திறந்துவிட ஒப்புக்கொண்ட தியான்ஜின் துறைமுகம் மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கொல்கத்தா ரக்சௌலிலிருந்து அதில் கால்பங்கு தொலைவுகூட இல்லை. 2016இல் பெய்ஜிங் சென்று போக்குவரத்து உடன்பாடு செய்துகொண்டவர் ஒலி. 2019 செப்டம்பரில் பீகாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்ச் வரை 69 கிலோமீட்டர் டீசல் குழாயைக் காணொளி வழியே மோடியுடன் திறந்துவைத்தவரும், அடுத்த மாதமே ஷி ஜின்பிங்கைக் காத்மாண்டுவில் வரவேற்றவரும் அதே ஒலிதான். ரயில் வந்தால் நேபாளத்தின் பேரம் பேசும் வலிமை கூடும், அது நல்லதே. ஆனால் தராயில் எரியும் டீசலோ உலையில் வேகும் அரிசியோ கேருங்கைச் சுற்றிக்கொண்டு வரப்போவதில்லை.