சவுக்குத் தோப்புக்குச் சான்றிதழ் வாங்கினால் பறவைகள் தங்குமா?

கேள்வி: ஐயா, குறிஞ்சிப்பாடி அருகே 6 ஏக்கரில் சவுக்கு வைத்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது. கிழக்கே ஓடை, வரப்பில் பனைகளும் இரண்டு நாவல் மரங்களும், மூலையில் களாவும் காரையும் சூரையும் மண்டிய புதர். காகித ஆலையின் களப்பணியாளர் எஃப்.எஸ்.சி. குழுச் சான்றிதழில் சேரச் சொல்கிறார். அதனால் பல்லுயிர் பெருகும் என்கிறார். மரம் வாங்க வந்த வியாபாரியோ, லாரி வர வசதியாகப் புதரையும் பனையையும் எடுத்துவிடுங்கள் என்கிறார். சான்றிதழால் உண்மையில் பயன் உண்டா? நான் எதை மாற்ற வேண்டும்?

பதில்: வியாபாரி மறுபடி வருவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பனையில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்தது. அதைவிட முக்கியம், உங்கள் ஆறு ஏக்கரில் உயிர்கள் அதிகம் அண்டி வாழும் இடம் அந்த வரப்புதான். பட்டுப்போன பனையின் பொந்தில் பனங்காடை முட்டையிடும். அதே பொந்துக்குக் கிளியும் மைனாவும் சண்டையிடும். தொங்கும் ஓலையில் பனை உழவாரன் கூடு ஒட்டும். நாவல் பழுத்தால் குயிலும் மாங்குயிலும் வராமல் இருக்காது. லாரிக்கு வழி வேண்டுமானால் ஓடைக்கு எதிர்ப்பக்கம் ஒரே ஒரு பாதை போதும்.

இனி சான்றிதழ். எஃப்.எஸ்.சி. (Forest Stewardship Council) என்பது 1993-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு அமைப்பு. காடும் தோப்பும் பொறுப்போடு பராமரிக்கப்படுகின்றன என்பதற்கான சான்றிதழ் அதனுடையது. சிறு உழவர்கள் பலர் சேர்ந்து ஒன்றாக வாங்குவதுதான் குழுச் சான்றிதழ். அதன் சான்றிதழால் காட்டில் என்ன மாறுகிறது என்று அளந்து பார்த்த ஆய்வுகளில், எனக்கு நம்பிக்கை தந்தது மத்திய ஆப்பிரிக்காவில் நடந்த ஒன்று. கபோன், காங்கோ குடியரசு ஆகிய நாடுகளில் மரம் வெட்ட உரிமம் கொடுக்கப்பட்ட 14 காட்டுப் பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் ஏழு சான்றிதழ் பெற்றவை, ஏழு பெறாதவை. தானியங்கிக் கேமராக்கள் பதிவுசெய்த ஏறத்தாழ 13 லட்சம் படங்களை ஆராய்ந்து, 2024-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டிகள், சான்றிதழ் பெற்ற காடுகளில் 2.7 மடங்கு அதிகமாகத் தென்பட்டன. காட்டு யானையும் கொரில்லாவும் அந்தக் கணக்கில் உண்டு. சிறு விலங்குகளில் வித்தியாசம் அவ்வளவு துலக்கமாக இல்லை.

காரணம் தெளிவானது. வெட்டு முடிந்த பாதைகளை அங்கே அடைத்துவிட்டார்கள். சாவடி வைத்து வண்டிகளைச் சோதித்தார்கள். தொழிலாளர்கள் காட்டு இறைச்சியைத் தேடிப் போகாதபடி வேறு இறைச்சி கிடைக்கச் செய்தார்கள். வேட்டை குறைந்ததால் வேட்டைக்கு இலக்காகும் பெரிய விலங்குகள் பிழைத்தன.

ஆனால் அது இயற்கைக் காடு. உங்களுடையது ஒரே வயதுச் சவுக்கு. நட்ட சில ஆண்டுகளில் மொட்டையாகிவிடும் நிலம். அந்த வரிசைகளுக்குள் எந்தச் சான்றிதழும் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. பயன் தெரியப்போவது வரப்பிலும் ஓடைக்கரையிலும் புதரிலும்தான். மேலாண்மைப் பரப்பில் குறைந்தது 10 சதவீதத்தைப் பாதுகாப்புப் பகுதியாக விட வேண்டும் என்பது எஃப்.எஸ்.சி.யின் பொது அளவுகோல். உங்களுக்கு அது 60 சென்ட். ஓடைக்கரைப் பட்டையையும் புதர் மூலையையும் அளந்து பாருங்கள், பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும். சிறு உழவர்கள் சேர்ந்த குழுவில் இந்தப் பரப்பை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதைக் குழு மேலாளரிடம் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். 2020-ஆம் ஆண்டு முடிந்த பிறகு இயற்கைக் காட்டை அழித்து நட்ட தோப்பை அவர்கள் ஏற்பதில்லை. ஆகவே புதரைத் திருத்திச் சவுக்கு வைக்கும் யோசனை இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

எஃப்.எஸ்.சி.யில் கொடிய நஞ்சு வகைப் பூச்சிக்கொல்லிகளுக்குத் தடையோ கடுமையான கட்டுப்பாடோ உண்டு. பட்டைப்புழு வந்தால் கடையில் கொடுப்பதை வாங்கி அடிக்காமல், முதலில் தடைப்பட்டியலைப் பாருங்கள். ஓடையை ஒட்டிய வரிசைகளில் மருந்தே வேண்டாம்.

வெட்டில்தான் உங்களுக்குச் சிரமம் வரும். ஆறு ஏக்கரையும் ஒரே மூச்சில் வெட்டுவது வியாபாரிக்கு லாபம். பறவைக்கோ முயலுக்கோ ஒதுங்க இடம் இருக்காது. இரண்டு பாத்தியாகப் பிரித்து, ஓராண்டு இடைவெளி விட்டு வெட்ட முடியுமா என்று பேசுங்கள். விலையில் கொஞ்சம் குறையலாம். தாங்க முடிந்தால் தாங்குங்கள் என்றே சொல்வேன். முடியாவிட்டால், பனையை ஒட்டிய வரிசைகளையாவது மார்ச் முதல் ஜூன் வரை வெட்டாதீர்கள், அது பனங்காடை கூடு வைக்கும் காலம். விலைபோகாத மிலாறை, அதாவது மெல்லிய கிளைகளை, கொளுத்தாமல் புதர் ஓரம் குவித்தால் ஓணானும் கீரியும் ஒதுங்கும். ஆப்பிரிக்கக் காட்டில் யானையைக் காத்த அதே வேலை இங்கேயும் உண்டு: கௌதாரிக்கும் முயலுக்கும் கண்ணி வைப்பவர்களைத் தோப்புக்குள் விடாதீர்கள்.

சேருவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். தணிக்கைச் செலவு யாருடையது? டன்னுக்குக் கூடுதல் விலை எவ்வளவு? குழுவிலிருந்து விலகினால் ஏதேனும் கட்ட வேண்டுமா? காடுகளுக்கு வெளியே வளரும் மரங்களையும் சேர்த்து, மத்திய அரசு 2023 டிசம்பரில் தனியாக ஒரு சான்றிதழ்த் திட்டம் அறிவித்திருக்கிறது. ஆலை அதை ஏற்குமா என்றும் விசாரியுங்கள். விடை திருப்தியாக இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டாம். கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் அந்த 60 சென்ட்டுக்கு இப்போதே நான்கு மூலையிலும் கல் நட்டுவிடுங்கள். வெட்டு ஆட்கள் வரும் நாளில் எல்லை தெரிய வேண்டும்.